ஒரு சீட்டுக்கு இரண்டு பேர்

1. ரோஸ்டர் நாள்

எங்கள் ஆபீசில் ஒருவரையொருவர் வெறுக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அதனால் அந்த வேலையை ரோஸ்டர் வெளியாகும் நாளில் மொத்தமாக முடித்துக்கொள்வோம்.

சப்போர்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் தொழில் இதுதான்: இங்கிலாந்தில் ஒரு வீட்டில் பாய்லர் நின்றுபோகும். வீட்டுக்காரர் குளிரில் நடுங்கிக்கொண்டே போன் செய்வார். அந்த போன் பெங்களூரில், பையப்பனஹள்ளி பக்கம் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் அடிக்கும். ஏசியைக் குறைக்கச் சொல்லி அட்மினோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் அதை எடுத்து, "உங்கள் சிரமம் புரிகிறது" என்பார். டீம் லீடாக இருபது வருடத்தை நெருங்கும் நான் இதுவரை ஒரு பாய்லரை நேரில் பார்த்ததில்லை. மல்லேஸ்வரத்தில் என் வீட்டு கீசரே என் பேச்சைக் கேட்காது.

டீமில் எட்டுப் பேர். ஷிப்ட் இரண்டு. மத்தியானம் முதல் இரவு ஒன்பது வரை பகல் ஷிப்ட். ஒன்பதிலிருந்து விடியும்வரை நைட். நைட் ஷிப்டை விரும்பும் மனிதரை நான் கண்டதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரோஸ்டர் நாளில், ஷிப்ட் மாறும் நேரத்தில், மஞ்சுநாத் நேராக என் மேஜைக்கு வந்தான். மஞ்சு கன்னடக்காரன். தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவான், நியாயத்தை அதைவிட வேகமாக.

"சேது சார், இது என்ன சார் கதை? ஸ்டெல்லா மேடமுக்கு மறுபடியும் நைட்டா? ஒரு வருஷமா பாக்கறேன், அவங்களுக்கு மட்டும் பகலே விடியல!"

"நான் போடலப்பா. மேல மேனேஜர் போடறார்."

"வாயில்லாதவங்கன்னா ஏறி உக்காந்துடுவாங்களா? ஏன் சார், நீங்க ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

ஸ்டெல்லா மூன்று மேஜை தள்ளி ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஜீவனஹள்ளியில் வீடு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் யார் கேட்டாலும், "அதான் சார், வயசாயிடுச்சு" என்று முடித்துவிடுவார். மேனேஜரிடம் ஒரு நாள் லீவுகூடக் குரல் உயர்த்திக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மஞ்சு போட்ட சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். தலையைத் திருப்பவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஒரு புரட்சியில் சேரும் ஆசை வந்தது.

2. மார்கரெட் அம்மையார்

க்ளையன்ட் தரப்பில் எங்களை மேய்ப்பவர் மார்கரெட். வடகிழக்கு இங்கிலாந்துக்காரர். அவர் பேசுவது ஆங்கிலம் என்று எங்களுக்குப் புரியவே முதல் ஆறு மாதம் ஆனது. வாரம் ஒருமுறை வீடியோ காலில் வந்து, எத்தனை பாய்லர், எத்தனை புகார் என்று விசாரிப்பார். அந்த வாரம் எங்கள் முகங்களைப் பார்த்தவுடனே என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

அவர் சிரித்தார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்; அவருடைய ஆங்கிலத்தை எழுத்தில் கொண்டுவர எந்த மொழியாலும் முடியாது.

"எங்க அப்பா நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தார். அங்கயும் இதே சண்டைதான். ஒரு இடத்துல கரி மெத்துனு வரும், ஒரு இடத்துல முழங்கால் தண்ணில நின்னு வெட்டணும். நல்ல இடம் யாருக்குன்னு மேனேஜர் முடிவு பண்ணா, அவருக்குப் பிடிச்சவங்களுக்குத்தான் போகும். அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு எடுப்பாங்க. கேவில்னு பேரு. வந்ததை வாங்கிக்கணும். பேச்சு கிடையாது."

சீட்டு நமக்குப் புதிதா? ஊர் சபைக்கு ஆள் எடுக்கக் குடத்தில் ஓலை போட்டவர்கள் நம் ஆட்கள். பெண் கொடுப்பதா வேண்டாமா என்று சாமி முன்னால் திருவுளச்சீட்டு போடுகிறவர்களும் நம் ஆட்கள்தான். இதையெல்லாம் மார்கரெட்டுக்கு விளக்க ஆரம்பித்தேன். நடுவில் அவருக்கு வேறு மீட்டிங் வந்துவிட்டது. என் பேச்சின் நடுவில் பலருக்கும் வேறு மீட்டிங் வருவது வழக்கம்.

மேனேஜருக்கும் சந்தோஷம். எட்டுப் பேரின் சாபம் அவரை விட்டு ஒரு சீட்டுக்குப் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டு என்று முடிவானது. உற்சாகத்தில் நானே ஒரு மெயில் எழுதினேன். "எடுத்த சீட்டு எடுத்ததே. எக்காரணம் கொண்டும் மாற்றிக்கொள்ள அனுமதி இல்லை." 'எக்காரணம் கொண்டும்' என்பதை போல்டில் போட்டேன். அந்த வரியை சாஃப்ட்வேரிலும் பூட்டிவிட்டார்கள்.

3. ஹெல்மெட்

சீட்டுப் போடக் குடம் இல்லை. மஞ்சுவின் பைக் ஹெல்மெட் இருந்தது. சுரங்க வழக்கத்துக்கு ஹெல்மெட் பொருத்தம்தான் என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அதற்கு முன்னால் கேன்டீனில் ஸ்டெல்லாவைத் தவிர்த்து ஏழு பேரும் கூடினோம். கூட்டத்தைக் கூட்டியது மஞ்சு.

"இத பாருங்க. சீட்டுல மறுபடியும் அவங்களுக்கு நைட் விழுந்துச்சுனா? நம்ம நியாயம் எல்லாம் சாக்கடைத் தண்ணி ஆயிடும்."

"சீட்டுன்னா அப்படித்தானே மஞ்சு?"

"சார், நீங்க ஸ்வல்ப சும்மா இருங்க. லேடீஸ் ஃபர்ஸ்ட்னு அவங்கள எடுக்கச் சொல்வோம். அப்ப ஹெல்மெட்ல எல்லாமே பகல். எடுத்ததும் எனக்குத் தும்மல் வரும். ஹெல்மெட் கீழ விழும். பொறுக்கறப்ப நிஜச் சீட்டு உள்ள போயிடும்."

நியாயமாக இருக்கவே சீட்டுக்கு வந்தோம். முதல் சீட்டிலேயே கள்ளச் சீட்டு. இந்த முரண்பாட்டை எடுத்துச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஏழு பேரும் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றிவிட்டார்கள். அந்த ஏழில் நானும் ஒருவன்.

எல்லாம் திட்டப்படி நடந்தது. ஸ்டெல்லா எடுத்தார். மஞ்சு தும்மினான். அந்தத் தும்மல் இன்றைக்கும் எங்கள் மாடியில் பேசப்படுகிறது. ஹெல்மெட் உருண்டது, நாங்கள் தரையில் தவழ்ந்தோம். ஸ்டெல்லா சீட்டைப் பிரித்துப் பார்த்தார். பகல்.

அவர் கண் கலங்கிவிட்டது. "தேங்க்ஸ்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வாஷ்ரூம் பக்கம் போனார்.

"பாத்தீங்களா சார்? ஆனந்தக் கண்ணீரு!" மஞ்சு என் தோளில் தட்டினான். பிறகு எனக்கான சீட்டை எடுத்தேன். நைட். பரவாயில்லை, நல்லது செய்தவனுக்குச் சோதனை வரத்தானே செய்யும் என்று என்னைப் பற்றி நானே உயர்வாக நினைத்துக்கொண்டேன்.

4. ஈஸ்ட் ஸ்டேஷன்

அடுத்த வாரத்தில் ஒரு நாள், மார்கரெட்டின் கால் இருந்ததால் சாயங்காலமே ஆபீசுக்கு வந்திருந்தேன். நைட் ஷிப்டில் இருந்தாலும் மீட்டிங்கிலிருந்து விடுதலை இல்லை. ஸ்டெல்லாவின் மொபைல் அதிர்ந்தது. எடுத்துக் கேட்டவர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றார். எதற்கும் பதறாதவர் என்று நான் நினைத்திருந்தவரின் முகம் வெளுத்திருந்தது.

"சார், அப்பாவக் காணோம் சார்."

என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். வழியெல்லாம் அவர் ஒரே இடத்தைத்தான் சொன்னார்: "ஈஸ்ட் ஸ்டேஷன் சார். அங்கதான் போயிருப்பாரு. ட்ரெயின் ஏறிட்டார்னா அவ்வளவுதான் சார், அவருக்கு எங்க எறங்கணும்னு தெரியாது."

ஏறவில்லை. பிளாட்பாரத்து சிமென்ட் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் சூசை அய்யா. இஸ்திரி போட்ட சட்டை. மடியில் டிபன் டப்பா. ஒரு காலில் பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, மறு காலில் ரப்பர் செருப்பு.

"அப்பா, எங்கப்பா கெளம்பிட்ட?"

"எங்கன்னா? ஷிப்டுக்குத்தான். மாரிகுப்பம் வண்டி லேட்டு."

அவர் மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். சுரங்கத்தை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. பெங்களூருக்கு மகளோடு வந்தும் காலமாகிவிட்டது. ஆனால் பொழுது சாயும்போது அவருக்குள் ஏதோ ஒரு சங்கு ஊதுகிறது. நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.

ஸ்டெல்லா தயங்காமல் சொன்னார்: "இன்னிக்கு ஷிப்ட் இல்லப்பா. ஆபீசரே வந்திருக்காரு பாரு, கேளு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தோற்றத்தில் ஆபீசர் களை தேடினால் கிடைக்காது. இருந்தாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"ஆமாங்கய்யா. பம்ப் ரிப்பேரு. இன்னிக்கு யாரும் எறங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"பகல் ஷிப்ட் ஆளுங்க?"

"மேல வந்துட்டாங்க."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

"எண்ணிப் பாத்தியா?"

இருபது வருடத்தில் எந்த மேனேஜரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "எண்ணிப் பாத்தேங்கய்யா" என்றேன். அதன் பிறகுதான் எழுந்தார்.

வீட்டில் டீ கொடுத்துவிட்டு ஸ்டெல்லா முதல் முறையாக நிறுத்தாமல் தொடர்ந்து பேசினார்.

"பொழுது எறங்கற நேரம் மட்டும்தான் சார் கஷ்டம். நான் இருந்தா ஒரு ஷூவ ஒளிச்சு வெச்சிடுவேன். ஜோடி இல்லாம அவரு வெளிய போக மாட்டாரு. தேடுவாரு, நானும் கூடச் சேந்து தேடுவேன். அப்படியே இருட்டிடும், சாப்ட்டு குழந்த மாதிரி தூங்கிடுவாரு. எங்க வீட்டுக்காரர் ஆட்டோ விட்டுட்டு எட்டரைக்கு வந்துடுவாரு. அப்புறம் நான் ஆபீசுக்கு வந்துடுவேன். நைட்டுதான் சார் எனக்கு வசதி. மேனேஜர்கிட்ட நானே கேட்டு வாங்கினேன்."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இப்ப பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்கறாங்க. ஷூவ ஒளிச்சிருக்காங்க, பாவம், பக்கத்துல செருப்ப விட்டுட்டாங்க."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஸ்டெல்லா."

"சீட்டுல வந்தது சார். எல்லாருக்கும் பொதுவா வந்தத எனக்கு மட்டும் மாத்துங்கன்னு எப்படிக் கேக்கறது? நீங்கதான் எக்காரணம் கொண்டும்னு போட்டிருந்தீங்களே."

போல்டில்.

5. மர்ரா

மேனேஜர் கையை விரித்தார். பூட்டியது க்ளையன்ட் சொல்லி, திறக்கவும் க்ளையன்ட்தான் சொல்லவேண்டும். அன்று இரவே, அதாவது மார்கரெட்டின் மத்தியானத்தில், அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். தும்மல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவங்க அப்பா சுரங்கத்துலயா இருந்தார்?" என்று கேட்டார்.

"தங்கச் சுரங்கம். நிலக்கரி இல்லை."

"கீழ இருட்டுதானே, ரெண்டுக்கும்." பிறகு கேட்டார்: "அவங்களோட மர்ரா யாரு?"

எனக்கு விளங்கவில்லை. விளக்கினார். அவர் அப்பாவின் சுரங்கத்தில் யாரும் தனியாகச் சீட்டில் பேர் கொடுப்பதில்லை. இரண்டு பேர் ஜோடியாகக் கொடுப்பார்கள். ஒரே இடத்தில் ஒருவர் காலையில் வெட்டுவார், அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் சாயங்காலம் வெட்டுவார். அப்படிச் சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் மர்ரா.

"சீட்டு ஆளுக்கு இல்ல, ஜோடிக்கு. அதுக்குள்ள யார் எந்த ஷிப்ட் போறார்ங்கறது அவங்க ரெண்டு பேர் சமாச்சாரம். வீட்டுல குழந்தை பிறந்தாலும் சரி, சாவு விழுந்தாலும் சரி, மர்ராகிட்ட சொன்னாப் போதும். மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டியதில்ல. எங்க அப்பா இறந்தப்ப சவப்பெட்டிக்கு முன்னால நடந்தது நான் இல்ல, அவர் மர்ரா."

விடிந்ததும் நான் வீட்டுக்குப் போய் அகராதியைத் திறந்தேன். ஒரு பிரச்சினை வந்தால் அகராதியைத் திறப்பது எனக்கு வழக்கம். பிரச்சினை தீராது, ஆனால் நேரம் போகும். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பல நூற்றாண்டுகளாகப் புழங்கும் சொல். பழைய வடிவம் 'மேரோ'. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகள்தான், ஆனால் இரண்டுக்கும் உறவில்லை என்கிறார்கள். கடல் தாண்டி வந்த வடதேசத்தாரின் சொல்லாக இருக்கலாம், 'பல' என்றோ 'சிநேகமான' என்றோ பொருள்பட்டிருக்கலாம் என்று சிலர். உறுதியாகத் தெரியாது என்று அகராதி கடைசியில் ஒப்புக்கொள்கிறது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

பொருள் மட்டும் சந்தேகமில்லாமல் இருந்தது. கூட வேலை செய்கிறவர். அதற்கும் முன்னால், ஜோடியில் ஒன்று. ஒரு கையுறைக்கு மற்ற கையுறை மர்ரா. ஒரு ஷூவுக்கு மற்ற ஷூ.

அந்த இடத்தில் அகராதியை மூடிவிட்டேன்.

6. பகல் கொள்ளை

மறுநாள் மார்கரெட்டிடமிருந்து இரண்டு வரி மெயில் வந்தது. இனி சீட்டு ஜோடிக்கு, அதில் ஒரு பகல், ஒரு நைட். ஜோடிக்குள் ஷிப்ட் மாற்றத்துக்குக் காரணம் கேட்கக் கூடாது. முதல் ஜோடியாக ஸ்டெல்லாவும் நானும் பேர் கொடுத்தோம். அவர் என் நைட்டை எடுத்துக்கொண்டார். நான் அவர் பகலை எடுத்துக்கொண்டேன்.

இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். ஸ்டெல்லா என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். "அப்பா விஷயம் நம்மோட இருக்கட்டும் சார். ஷூவோட நிக்கறத எல்லாரும் பேசறது எனக்குப் பிடிக்கல." அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான். சரி என்றேன்.

ஆகவே டீமின் பார்வையில் நடந்தது என்ன? வாயில்லாத பெண்மணிக்கு ஏழு பேர் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பகல் ஷிப்டை, ஆறாவது நாளே டீம் லீட் க்ளையன்ட்டைப் பிடித்து, வாயில் நுழையாத ஒரு சுரங்கச் சொல்லைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டார். வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றோ இரண்டோதான். அதில் ஒன்றுக்கு இந்தப் பேர்.

மஞ்சு என்னோடு பேசுவதை நிறுத்தினான். அவன் எல்லோருக்கும் போடும் காபியில் எனக்கு மட்டும் சர்க்கரை நின்றுபோனது. கேன்டீனில் நான் உட்கார்ந்தால் மேஜை காலியாகும். எனக்குப் 'பகல் கொள்ளை' என்று பேர் வைத்தார்கள். பேர் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. வேறொருவருக்கு வைத்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

இப்படி மூன்று மாதம் ஓடியது. அடுத்த சீட்டு நாளில் ஹெல்மெட்டோடு எல்லோரும் நின்றோம். மஞ்சு ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பி, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"மேடம், இந்தத் தடவ நீங்க என்னோட ஜோடி சேருங்க. எனக்கு எது வந்தாலும் பகல் உங்களுக்குத்தான். எவனும் புடுங்க முடியாது."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். பிறகு அவனை. அவர் குரல் மூன்று மேஜைக்குக் கேட்டது. அப்படி ஒரு குரல் அவருக்கு இருப்பது எங்கள் எவருக்கும் தெரியாது.

"எனக்குப் பகல் வேணாம் மஞ்சு. நைட்டுதான் வேணும். எப்பவுமே அதான் வேணும்."

சொல்லிவிட்டார். ஷூ, ஸ்டேஷன், டிபன் டப்பா எல்லாவற்றையும். மஞ்சு ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"அப்ப அன்னிக்கு நீங்க அழுதது..."

"ஆமா."

"ஐயோ தேவரே. மேடம், அன்னிக்கு ஹெல்மெட்ல எல்லாமே பகல் சீட்டு மேடம். நான்தான் தும்முனேன்."

"அது தெரியும் மஞ்சு. அப்படி யாராவது தும்முவாங்களா?"

முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான். அதன் பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில், இங்கிலாந்தில் நாலைந்து பாய்லர்காரர்கள் லைனில் காத்திருந்திருப்பார்கள். மஞ்சு என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த காபியில் சர்க்கரை இருந்தது. இரண்டு பேருக்குப் போதுமான அளவு இருந்தது.

7. விளக்கு

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளிக்குப் போனேன். வெளிச்சம் மங்கும் நேரம். சூசை அய்யா வாசலில் ஒரு ஷூவோடு நின்றிருந்தார். ஸ்டெல்லா கட்டிலுக்கடியில் குனிந்து, இல்லாத இடத்தில் இன்னொரு ஷூவை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். நானும் பீரோவுக்குப் பின்னால் தேடினேன். தேடுவது போல நடிப்பதில் எனக்கு ஆபீஸ் அனுபவம் உண்டு.

"நீ எந்த ஷிப்டு?" அய்யா என்னைக் கேட்டார்.

"பகல் ஷிப்டுங்கய்யா."

"உன் ஜோடி யாரு?"

ஸ்டெல்லாவைக் காட்டினேன். "இவங்கதான். நைட் ஷிப்டு."

அவர் மகளைப் பார்த்தார். மகள் என்று தெரிந்து பார்த்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. என் பக்கம் வந்து, ரகசியம் போலத் தணிந்த குரலில் சொன்னார்:

"அவ வந்து சேரங்காட்டி நீ மேல போயிடாத. எடத்தக் கைல குடுத்துட்டுதான் போவணும். தெரியுதா?"

"தெரியுதுங்கய்யா."

இந்த வேலையில் நான் கற்றது என்னவென்று புதியவர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ப்ரமோஷனுக்கான வழி. அது எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் டீம் லீடாகவே இருப்பேனா? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒருவருக்கு நல்லது செய்யுமுன் அவருக்கு எது நல்லது என்று அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தும்முவதைவிட அது சுலபம்.

இன்னொன்று, பகல் ஷிப்ட் ஒன்பது மணிக்கு முடிகிறது. என் ஸ்கிரீனில் ஸ்டெல்லாவின் பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சாம்பல் நிறத்தில் இருக்கும். அவர் வந்து உட்கார்ந்து லாகின் செய்ததும் அது பச்சையாகும். அதற்கப்புறம்தான் நான் எழுந்திருக்கிறேன்.